காவிரி தண்ணி: மாநிலம் கையிலயா, சென்ட்ரல் கையிலயா?

கர்நாடகால இருந்து வர்ற தண்ணிய எல்லையில அளக்கற பிலிகுண்டுலுல தண்ணி குறையுறப்பல்லாம் "ஆத்த சென்ட்ரல்கிட்ட குடுத்துடுங்க"னு ஒரு கோஷ்டி, "நம்ம உரிமைய ஏன் விடணும்"னு இன்னொரு கோஷ்டி கிளம்பிடுது. எது சரின்னு குழம்புறவங்களுக்கு:

சட்டம்
மாநிலம்: தண்ணி மாநிலப் பட்டியல்ல, 17வது என்ட்ரி.
சென்ட்ரல்: மத்தியப் பட்டியல் 56, பல மாநிலத்துல ஓடுற ஆறுன்னா பார்லிமென்ட் உள்ள வரலாம். 1956லயே நதி வாரியச் சட்டம் போட்டாங்க, பேப்பரோட நின்னுபோச்சு.

வேகம்
மாநிலம்: மேட்டூர எப்ப திறக்கணும், எந்த வாய்க்காலுக்கு எவ்ளோ, இதெல்லாம் உள்ளூர் இன்ஜினியருக்குத்தான் தெரியும், டெல்லிக்கு ஃபைல் போய் வர்றதுக்குள்ள நாத்து கருகிடும்.
சென்ட்ரல்: காவிரி சண்டைக்கு நடுவர் மன்றம் வச்சது 1990, இறுதித் தீர்ப்பு 2007, அதுலயும் தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சின்னு (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) சொன்னத சுப்ரீம் கோர்ட் 2018ல 404.25 ஆக்குச்சு. இத வேகம்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

வறட்சி வருஷம்
இங்கதான் மெயின் சிக்கல். நல்ல மழைன்னா யாரும் சண்ட போடறதில்ல, அணை ரொம்புனா கர்நாடகா தானா திறந்துதான் ஆகணும். மழை பொய்க்கிறப்ப மேல இருக்கவன் மனசு வச்சாதான் கீழ தண்ணி, அதனால வெறும் பேச்சுவார்த்தைய நம்பி கடைமடை விவசாயி விதைக்க முடியாது. 2018ல வந்த காவிரி மேலாண்மை ஆணையம் பத்தாக்குறைய எப்படி பிரிக்கணும்னாவது சொல்லுது. ஆனா அணை சாவி இன்னும் மாநிலம் கையிலதான்.

என் கணக்கு: ஆறு ஒரே மாநிலத்துக்குள்ள ஓடுதா, மாநிலமே பாத்துக்கட்டும். பாசன முறை வைக்கிறதும் அப்படித்தான். எல்லை தாண்டுற ஆத்துல, அதுவும் நாம கீழ இருந்தா, அளவு பாக்கவும் பற்றாக்குறைய பிரிக்கவும் சென்ட்ரல் ஆணையம்தான் வேணும், பல்லு இருக்கற ஆணையமா.