புது காலிபர் என்று சொல்லிப் பழையதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள்: பெகுவில் வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பெகுவில் மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பட்டறையில் விடப்போகும் நம் குடும்பங்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள். பணம் போனதற்காக மட்டும் நான் எழுதவில்லை. என் தங்கை தன் மகளைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கு ஓட்டிப்போகும் வண்டியில் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

ரங்கூன் நகரத்துக்குள் 2003-லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை. இங்கே அது இல்லாமல் பிழைப்பு நடக்காது. ஏப்ரலில் திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டில் ஊற்றும் தண்ணீர், மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை மழை. முன்சக்கர டிஸ்க்கை இரு பக்கமும் பேட்களால் கவ்விப் பிடிப்பது காலிபர்; பேட்டைத் தள்ளுவது அதற்குள் இருக்கும் பிஸ்டன். காலிபர் பக்கவாட்டில் நகர்வதற்கென்று பின்கள் இருக்கின்றன. அவற்றின் ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீர் புகுந்து, துருப்பிடித்து, அந்தப் பின்கள் இறுகிவிடும். பிறகு ஒரு பக்கத்து பேட் மட்டும் தேயும். பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் இழுக்கும். டிஸ்க் கை வைக்க முடியாதபடி சுடும். தங்கையின் வண்டியில் வந்த கோளாறு இதுதான்.

வீட்டில் என்னால் முடிந்ததைச் செய்தேன். துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுவதும் ஊறவைத்தேன். ஆயில் வெளியேற்றும் நிப்பிளுக்கு ஆறுமுக சாக்கெட்டை மட்டுமே போட்டேன். பிளையரால் பிடித்தால் முனை மழுங்கி, பிறகு எதற்கும் பிடி கொடுக்காது. முதலில் சற்றே இறுக்கி, அதன் பிறகு தளர்த்தியதில் நிப்பிள் முறியாமல் வந்துவிட்டது. ஒரு பின் மட்டும் அசையவே இல்லை. அதற்குச் சூடு காட்ட வேண்டும். பிரேக் ஆயிலும் ரப்பரும் இருக்கும் பாகத்துக்கு வீட்டுத் தாழ்வாரத்தில் நெருப்புக் காட்டக் கூடாது என்பதால், வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நம் தமிழர் ஒருவருடைய பட்டறை.

“பிஸ்டனும் போய்விட்டது தம்பி. காலிபரையே மாற்றினால்தான் ஓடும்” என்றார். புதிய காலிபருக்கான முழு விலையையும் கொடுத்தேன். மாலையில் பளபளக்கும் கறுப்புக் காலிபருடன் வண்டி வந்தது. பழையதைக் கேட்டேன். “பழைய இரும்புக்காரன் எடுத்துப் போய்விட்டானே” என்றார்.

ஒரு மாதம் தாங்கவில்லை. சந்தைக்குப் போகும் வழியில் முன்பிரேக் தானாகவே பிடிக்கத் தொடங்கியது. கூட்டத்தில் தங்கை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்ததால் இருவரும் விழாமல் தப்பினார்கள்.

காலிபரைக் கழற்றிப் பெயிண்டைச் சுரண்டினேன். கழற்றும் பாகங்களின் உட்புறத்தில் பஞ்ச் கொண்டு மூன்று புள்ளி குத்திவைப்பது என் பழக்கம். அந்த மூன்று புள்ளிகளும் அங்கே இருந்தன. பிஸ்டனின் பளபளப்பான வெளிப்பரப்பில் பிளையரின் பல் தடம். அந்தப் பரப்பில் கீறல் விழுந்தால் ரப்பர் சீல் கிழியும். பிஸ்டனை வெளியே எடுக்க பிரேக் லீவரை மெல்ல அழுத்தி ஆயிலின் அழுத்தத்தாலேயே தள்ள வேண்டும் என்பது பட்டறைச் சிறுவனுக்கும் தெரியும்.

இதைவிடக் கொடுமை ஆயிலில் இருந்தது. நிறமும் வாடையும் சரியில்லை என்று, தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளரில் சில சொட்டு விட்டுப் பார்த்தேன். மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருக்கும் வண்டியின் பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். இது எண்ணெய்த் திட்டாக மேலே மிதந்தது. இஞ்சின் ஆயில் போன்ற ஏதோ கனிம எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். அது பட்டால் பிரேக்கின் ரப்பர் ஊறிய சுண்டலைப் போல உப்பிவிடும். பிரேக் லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் உப்பி, ஆயில் திரும்பும் சிறு துளையை அடைத்துவிட்டது. ஓடஓடச் சூட்டில் ஆயில் விரியும். திரும்பிப் போக வழி இல்லை. பேட் டிஸ்கைக் கவ்விக்கொள்ளும்.

காலிபரை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். “மழைக்காலத்தில் எல்லா வண்டிக்கும் வருவதுதான்” என்றார். “அண்ணே, இந்தப் புள்ளிகள் நான் குத்தியவை” என்றேன். “கோயிலில் முகம் பார்க்கிறவர்கள் இப்படிக் கடையில் வந்து சத்தம் போடலாமா?” என்று திருப்பிக் கேட்டார். பணம் வரவில்லை. கோயிலில் முகம் பார்க்கிறவர் என்ற நம்பிக்கையில்தானே அங்கே போனேன்! அந்தக் குழந்தை விழுந்திருந்தால் இவர் எந்த முகத்தோடு கோயிலுக்கு வருவார்?

வேலைக்கு விடும் முன் காலிபரில் உங்கள் அடையாளம் ஒன்றை வையுங்கள். கழற்றிய பாகம் கைக்கு வந்த பிறகு மட்டும் பணம் கொடுங்கள். ஆயில் பாட்டிலின் முத்திரை உங்கள் கண்முன் உடைய வேண்டும். திறந்து நாளான பாட்டில் வேண்டாம், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பின்களுக்கு ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும் சிலிக்கோன் கிரீஸ்தானா என்று கேளுங்கள். கிளம்பும் முன் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக்கைப் பிடித்து விட்டு, மறுபடியும் சுற்றிப் பாருங்கள்.

எங்கள் வண்டிக்கு இப்போது காலிபர், மாஸ்டர் சிலிண்டர் இரண்டின் ரப்பர்களையும் குழாயையும் மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த எண்ணெய் பட்டவை கழுவினாலும் தேறாது. அண்மையில் வெளியே பிரேக் வேலை செய்தவர்கள் இன்றே ஆயில் மூடியைத் திறந்து சில சொட்டுகளைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். பெயிண்டில் சிந்தினால் உரிந்துவிடும், துணி விரித்துக்கொள்ளுங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், தள்ளிக்கொண்டே போங்கள்.