எச்சரிக்கை: 16 வாட் காயிலை 40 வாட்டில் வைத்துக் கொடுக்கும் வேப் கடைகள்

பிரிட்டனில் சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு, அதாவது நிக்கோட்டின் கலந்த திரவத்தை (லிக்விட்) சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்கருவிக்கு, மாறிய பெரியவர்களுக்கான பதிவு இது. புகைப் பழக்கமே இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம்.

2025 ஜூன் 1 முதல் அங்கே ஒருமுறை பயன்படுத்தி வீசும் வேப்களை விற்கத் தடை. அதுவரை பொத்தான்கூட இல்லாத குழலை இழுத்துப் பழகியவர்கள் திரை, வாட் (சூடாக்கும் மின்திறன்), ஓம் (மின்தடை) என்று எண்கள் மின்னும் கருவிக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த எண்கள் புரியாததைச் சில கடைகள் காசாக்குகின்றன.

லண்டனில் ஒருவருக்கு நடந்தது இப்படி. 80 வாட் வரை போகும் பாட் கருவி (லிக்விட் நிரப்பும் சிறு கூட்டைச் செருகும் வகை) வாங்கினார். பெட்டிக்குள் 0.3 ஓம் காயில் ஒன்று, 0.8 ஓம் காயில் ஒன்று. காயில் என்பது லிக்விடைச் சூடாக்கும் கம்பிச் சுருளும் பஞ்சும் அடங்கிய சிறு உருளை. கடைக்காரர் 0.8 காயிலைச் செருகி, லிக்விட் ஊற்றி, உடனே வாட்டை 40க்கு ஏற்றி, "இப்பதான் அண்ணே நல்லா புகை வரும்" என்று கையில் கொடுத்தார். காயிலின் உலோகத்தில் 12–16 வாட் என்று பொறித்திருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் கருகல் வாடை. மறுநாள் கேட்டதற்கு, "காயில் ரெண்டு மூணு நாள்தான் வரும்" என்று ஐந்து காயில் கொண்ட பெட்டியை விற்றார்கள். இரண்டு வாரத்தில் இரண்டு பெட்டி காலி. கடைசியில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பிரிச்ச காயிலுக்கு ரிட்டர்ன் கிடையாது." ஒழுங்காக வைத்திருந்தால் ஒரு காயிலே ஒன்றிரண்டு வாரம் ஓடியிருக்கும்.

80 என்பது கருவியின் உச்சவரம்பு. காயில் தாங்கும் அளவு காயிலில்தான் எழுதியிருக்கும். சில கருவிகள் காயிலை அறிந்து வாட்டைத் தாமே குறைத்துக்கொள்ளும், ஆனால் அதையும் பொத்தானை அழுத்தி ஏற்றிவிடலாம். கணக்கு எளிது: வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் வாட். 0.8 ஓம் காயிலுக்கு 3.6 வோல்ட் கொடுத்தால் 16 வாட் சொச்சம். அதே காயிலில் 40 வாட் வேண்டுமென்றால் 5.6 வோல்ட்டுக்கு மேல் தள்ள வேண்டும். கம்பியைச் சுற்றியிருக்கும் பஞ்சு லிக்விடைத் தன் வேகத்தில்தான் உறிஞ்சும். கம்பி அதைவிட வேகமாக ஆவியாக்கினால் பஞ்சு காய்ந்து கருகும். ஒருமுறை கருகிய பஞ்சு எத்தனை முறை நனைத்தாலும் தேறாது. போதாததற்கு, அளவு மீறிச் சூடாகும் கிளிசரின் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் என்ற நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. தொண்டையைப் பிடிக்கும் அந்தக் காரலைப் "புதுசுன்னா அப்படித்தான்" என்று தள்ளிவிடக் கூடாது.

சரியாக வைப்பது எப்படி? புதுக் காயிலின் பக்கத் துளைகளில் வெள்ளைப் பஞ்சு தெரியும். ஒவ்வொரு துளையிலும் ஓரிரு துளி லிக்விட் விட்டு, பாடில் செருகி நிரப்பி, பத்து நிமிடம் சும்மா வையுங்கள். கடையில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் பத்து நிமிடம்தான். பிறகு காயிலில் எழுதிய வரம்பின் அடியில் தொடங்குங்கள். 12–16 என்றால் 12. ஐந்தாறு இழுப்பு பார்த்துவிட்டு ஒரு வாட் ஏற்றுங்கள். 32–40 போன்ற பெரிய காயிலில் இரண்டிரண்டாக ஏற்றலாம். சுவை நிறைவாக, ஆவி இளஞ்சூடாக வரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். சுவை மெலிந்து காகிதம் போல் வறட்சி தட்டினால் பஞ்சுக்கு லிக்விட் போய்ச் சேரவில்லை என்று பொருள். இரண்டு வாட் இறக்கி, இழுப்புக்கு இழுப்பு பதினைந்து இருபது வினாடி இடைவெளி விடுங்கள். கருகல் வந்துவிட்டதென்றால் "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று இழுக்காதீர்கள்.

வாட் மிகக் குறைந்தாலும் தொல்லைதான். லிக்விட் ஆவியாகாமல் தேங்கிக் குளுகுளுவென்று சத்தம் வரும், வாயில் துளி தெறிக்கும், அடியில் கசியும். அதற்கும் புதுக் காயிலை விற்கப் பார்ப்பார்கள். வாட்டை இரண்டு ஏற்றினாலே பல நேரம் சரியாகிவிடும்.

வாட் சரியாக இருந்தும் கருகுகிறதா? லிக்விடைப் பாருங்கள். கிளிசரின் 70 சதவீதம் உள்ளது கெட்டி. 0.8, 1.2 ஓம் காயிலின் சிறு துளை வழியே அது மெதுவாகத்தான் ஏறும், அவற்றுக்கு 50/50 (பாதி கிளிசரின், பாதி நீர்த்த புரொப்பிலீன் கிளைகால்) போதும். 0.3 ஓம் காயிலில் 50/50 ஊற்றினால் ஒழுகக்கூடும், கெட்டியானதுதான் அதற்கு ஏற்றது. நிக்கோட்டினில் இன்னும் கவனம் வேண்டும். மில்லிலிட்டருக்கு 20 மி.கி. நிக்கோட்டின் உள்ள சால்ட் லிக்விட் (நிக்கோட்டினை உப்பு வடிவில் கலந்தது) குறைந்த வாட் காயிலுக்கானது. அதை 0.3 ஓமில் 40 வாட்டில் இழுத்தால் ஒரே இழுப்பில் நிக்கோட்டின் எக்கச்சக்கமாக ஏறி, தலைச்சுற்றல், குமட்டல், படபடப்பு வரும். அங்கே 3 அல்லது 6 மி.கி. போதும். 20 மி.கி. சால்ட்டையும் 0.3 ஓம் காயிலையும் ஒரே பையில் போட்டு விற்பவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே செய்கிறார்.

போலிக் காயிலும் உண்டு. செருகியதும் திரையில் ஓம் பாருங்கள். 0.8 என்று எழுதியது 0.78, 0.83 காட்டினால் பரவாயில்லை. 0.6 அல்லது 1.1 காட்டினால் தொடர்புமுனையைத் துடைத்து மறுபடி செருகுங்கள், அப்போதும் அதேதான் என்றால் காயில் சரியில்லை. பெட்டியில் சுரண்டிப் பார்க்கும் குறியீடு இருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் சரிபாருங்கள்.

கழற்றி மாட்டும் 18650 பேட்டரி (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீள உருளை) என்றால், கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருப்பதைத் தொடவே தொடாதீர்கள். அந்த அளவில் அவ்வளவு கொள்ளளவு சாத்தியமில்லை. ஒற்றை பேட்டரியில் 80 வாட் இழுத்தால், சார்ஜ் இறங்கும் நேரத்தில் 25 ஆம்பியருக்கு மேல் போகும். நல்ல பேட்டரிகளே பல 20 ஆம்பியருக்கானவைதான்.

"பிரிச்சதுக்கு ரிட்டர்ன் இல்லை" என்பது சட்டமல்ல. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை, அல்லது சொன்னதற்கு மாறான பொருளை, 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். போலிக் காயில் இதில் நேராக அடங்கும். உங்களுக்கு என்ன தேவை என்று சொல்லி வாங்கியிருந்து, பொருள் அதற்கு ஒத்துவரவில்லை என்றாலும் அடங்கும். கடை மறுத்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். கடைகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கு அவர்கள் வழியாகத்தான் புகார் போகும். நிக்கோட்டின் மில்லிலிட்டருக்கு 20 மி.கி.க்கு மேல், நிக்கோட்டின் லிக்விட் குப்பி 10 மி.லி.க்கு மேல், லிக்விட் நிரப்பும் டாங்க் 2 மி.லி.க்கு மேல் என்று எதைக் கண்டாலும் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், மூன்றுமே அங்கே விதிமீறல்.

ரசீது, திரையில் வாட்டும் ஓமும் தெரியும் படம், இரண்டும் கையில் இருக்கட்டும். கருகிய காயிலைக் கோபத்தில் வீசிவிடாதீர்கள். ஒரு சின்னக் கவரில் போட்டு வையுங்கள், 12–16 என்ற எண் அதில்தான் பொறித்திருக்கிறது.