வாட்ஸ்அப் ஸ்டேட்டஸா, இன்ஸ்டா ரீல்ஸா? ஒரு சுங்குடிக் கடையின் கணக்கு

எங்கள் தெருமுனை டீக்கடைக் கண்ணாடியில் முன்பெல்லாம் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று ஒட்டியிருக்கும். இப்போது அந்த இடத்தில் இரண்டு க்யூஆர் அட்டைகள். ஒன்று காசு வாங்க, இன்னொன்று இன்ஸ்டாவில் ஃபாலோ செய்ய. டீ மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கி ஆற்றுகிற வீடியோ அதில் இருக்கிறதாம். கல்யாணப் பத்திரிகையில் யூடியூப் நேரலைக்குத் தனியாக ஒரு கட்டம் வந்துவிட்டது. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தவறியபோது, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரில் ஏறுவதற்கு முன்பே ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது.

இப்படி எங்கே பார்த்தாலும் கண்ணில் படுவதால், புதிதாகக் கடை போடுகிறவர்கள் முதலில் கேட்பது வாடகையைப் பற்றி அல்ல. “அண்ணே, வாட்ஸ்அப்பா இன்ஸ்டாவா?” என்பதுதான். மதுரையில் சின்னதாக ஒரு சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். நானும் மனைவியும்தான், தீபாவளிக்கு மட்டும் ஒரு கையாள் சேர்ப்போம். 2020 ஊரடங்கில் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தபோது வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தோம். இரண்டு வருடம் கழித்து இன்ஸ்டாவும் வந்தது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்களைப் போன்ற கடைக்கு வாட்ஸ்அப்தான்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். இரண்டும் இலவசம். இரண்டுக்கும் முதலாளி ஒருவரே; இன்ஸ்டாவை 2012-லும் வாட்ஸ்அப்பை 2014-லும் ஃபேஸ்புக் கம்பெனி வாங்கிப் போட்டுவிட்டது. அதனால் ‘ஒன்று படுத்தால் இன்னொன்று இருக்கிறது’ என்ற தைரியம் வேண்டாம். 2021 அக்டோபர் 4 ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இரண்டும் சேர்ந்து படுத்தன, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. வீட்டு வேலை முடிந்து பெண்கள் போனைக் கையில் எடுத்து ஆர்டர் சொல்லும் நேரமே அதுதான். எங்கள் வை-ஃபைதான் போய்விட்டது என்று நினைத்து அந்தப் பெட்டியை நான்கு தடவை அணைத்துப் போட்டேன்.

இன்ஸ்டாவின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடியை இரண்டு முனையிலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால், நூல் முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழும். உள்ளே சாயம் ஏறாத வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகக் கண் திறக்கும். 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய சேலைதான், ஆனாலும் இந்த ஒரு நொடியைப் பார்த்தவர்கள் மதுரைக்குள்ளேயே குறைவு. அக்கா மகள் அதை இருபது நொடி ரீலாகப் போட்டாள். நான்கு நாளில் 42,000 பேர் பார்த்தார்கள்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். கீழே வந்த கமெண்டுகளில் முக்கால்வாசி ‘பிரைஸ் ப்ளீஸ்’. விலை போட்டுத்தான் இருந்தது. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் அனுப்பினோம். ‘ஓகே’ என்று ஒரு பதில், கட்டை விரல் ஒன்று, அவ்வளவுதான். அந்த ரீலில் விற்றது ஐந்து சேலை. அதில் ஒன்று, கலர் வேறு மாதிரி இருக்கிறது என்று திரும்பி வந்தது. அவர் மேல் தப்பில்லை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் அரக்கு சிவப்பாகத் தெரியும், மயில்கழுத்து வெறும் நீலமாகிவிடும். இப்போது காலை பத்து மணிக்குக் கடை வாசல்படியில் விரித்துப் போட்டுத்தான் படம் எடுக்கிறோம்.

ஆனால் நான் முடிவெடுத்தது விற்பனை எண்ணிக்கையைப் பார்த்து அல்ல, பராமரிப்பைப் பார்த்து. இதைத்தான் யாரும் முதலில் சொல்வதில்லை. இன்ஸ்டா கணக்கு என்பது கறவை மாடு மாதிரி. நல்ல நாள், கெட்ட நாள் என்று பார்க்காமல் தீனி போட வேண்டும். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டா இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வெறும் போட்டோ போட்டுப் பிழைப்பது கஷ்டம் என்று அக்கா மகள் சொல்கிறாள். வீடியோ வேண்டும், இந்த வாரம் எந்தப் பாட்டு ஓடுகிறதோ அது வேண்டும், முதல் மூன்று நொடிக்குள் ஏதாவது நடக்க வேண்டும். “மாமா, நீங்க சேலையை மடிச்சு வெச்சுட்டு ‘வணக்கம்’னு ஆரம்பிக்கிறதுக்குள்ள அவங்க அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பாங்க” என்பாள். என் மாமனார் காரியத்துக்காகப் பத்து நாள் எதுவும் போடவில்லை. திரும்பி வந்து போட்ட ரீலை 300 பேர்கூடப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்கவும் ஆள் கிடையாது.

சந்தேகம் வந்து, ஒரு வாரம் பில் புத்தகத்தின் பின்னட்டையில் நேரத்தைக் குறித்தேன். ஒரு ரீலுக்குச் சேலை பிரிப்பது, எடுப்பது, வெட்டி ஒட்டுவது, பாட்டுத் தேடுவது, திரும்பச் சேலையை மடிப்பது எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம். அந்த வாரம் இரண்டு ரீல். தினமும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முக்கால் மணி நேரம். விற்றது ஒரு சேலை. வாட்ஸ்அப்பில் காலையில் எட்டுப் படம் ஸ்டேட்டஸ் வைக்க இருபது நிமிடம், பதில் சொல்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். விற்றது பதினேழு. ஒரு வாரக் கணக்கை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது, அது ஆடி மாதம் வேறு. ஆனால் மற்ற மாதங்களிலும் தராசு பெரிதாக மாறியதாக எனக்கு நினைவில்லை.

ஸ்டேட்டஸ் யாருக்குத் தெரியும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் போனில் அவர் நம்பரும், அவர் போனில் நம் நம்பரும் பதிந்திருக்க வேண்டும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்டும் அப்படித்தான். ஒரு லிஸ்டில் 256 பேர், அதிலும் நம் நம்பரைப் பதிந்து வைத்தவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் கல்லாவில் பணம் வாங்கும்போதே, “அக்கா, நம்ம நம்பரை போன்ல போட்டுக்கங்க, புது சரக்கு வந்தா ஸ்டேட்டஸ்ல வரும்” என்று என் மனைவி சொல்லிவிடுவாள். சிலர் அங்கேயே நின்று ‘சுங்குடிக் கடை’ என்று பதிவார்கள். இந்த ஒரு நிமிடம்தான் எங்கள் விளம்பரச் செலவு. அப்படிச் சேர்ந்தவர்கள் தொள்ளாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். தினமும் 250 பேராவது பார்க்கிறார்கள், யார் பார்த்தார்கள் என்று பெயரோடு தெரிகிறது.

அதில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் உண்டு. டைப் பண்ண மாட்டார், குரல் பதிவுதான். பின்னால் குக்கர் விசில் கேட்கும். “தம்பி, மூணாவதா வெச்சிருக்கியே, எம்.எஸ். நீலம், அதுல அரக்கு பார்டர் வருமா? மருமகளுக்கு. கஞ்சி ஜாஸ்தியா இருந்தா வேண்டாம்ப்பா, அவ ஆபீசுக்குக் கட்டுற பொண்ணு.” சேலையைக் கையில் கசக்கிக் காட்டி ஒரு சின்ன வீடியோ அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஜிபேயில் பணம் வந்துவிட்டது. மறுநாள் கூரியரில் போனது. விலை எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து அதே தெருவிலிருந்து மூன்று பேர், டீச்சர் சொன்னார்கள் என்று வந்தார்கள்.

2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பைத்தான் வைத்திருக்கிறோம். கேட்டலாக் இருக்கிறது, 500 பொருள் வரை போடலாம். எங்களுக்கு அது பெரிதாக உதவவில்லை. சுங்குடியில் ஒரு டிசைனில் நாலைந்துதான் வரும், போடுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. லேபிள் மட்டும் வரப்பிரசாதம். பணம் வந்தது, அனுப்பியாயிற்று, பாக்கி என்று கலர் கலராகப் பிரித்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பிலும் அடி வாங்கியிருக்கிறேன். ஆரம்பத்தில் குரூப் வைத்திருந்தோம். குரூப்பில் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. வாடிக்கையாளர் மாதிரி உள்ளே வந்த ஒரு வியாபாரி, எங்கள் ஆட்களுக்குத் தனித்தனியாக அதே சேலையை ஐம்பது ரூபாய் குறைத்து அனுப்பியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து ஒரு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அன்றே குரூப்பைக் கலைத்தோம். இன்னொன்று, முதலில் என் மனைவியின் சொந்த நம்பரைக் கொடுத்திருந்தோம். ராத்திரி பதினொன்றரைக்கு வீடியோ கால் வர ஆரம்பித்த பிறகு கடைக்கென்று தனி சிம் வாங்கினோம். வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்கள் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. இந்த இடத்தில் இன்ஸ்டா மேல்தான், நம்பர் கொடுக்காமலே பேசலாம். அப்புறம், எங்கிருந்தோ நம்பர் லிஸ்ட் வாங்கி மொத்தமாக அனுப்புகிற வேலையெல்லாம் வேண்டாம். பத்துப் பேர் ‘ரிப்போர்ட்’ அழுத்தினால் நம்பரே முடங்கிவிடலாம்.

கேக் செய்கிறவர், மெஹந்தி போடுகிறவர், கல்யாண மேக்கப், புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை என்றால் நான் சொன்னதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் புது ஆள்தான் முதல், ஒரே ஆள் வருடத்துக்கு இரண்டு தடவை கல்யாண மேக்கப் போடப் போவதில்லை. காசு கட்டி இன்ஸ்டாவில் விளம்பரம் செய்வதைப் பற்றி எனக்குப் பேசத் தகுதி இல்லை. ஒரே ஒரு தடவை ஆயிரம் ரூபாய்க்குப் போட்டோம். ஊர், வயது எதையும் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, சேலை கட்டாத ஆம்பளைகளாக வந்து லைக் போட்டுவிட்டுப் போனார்கள். தெரிந்து செய்கிறவர்களுக்குப் பலன் இருக்கலாம்.

இன்ஸ்டாவை மூடிவிடவில்லை. மாதம் இரண்டு ரீல், அதுவும் முடிச்சு அவிழ்க்கிற வீடியோ மட்டும். முகப்பில் வாட்ஸ்அப் இணைப்பு இருக்கிறது. ‘பிரைஸ் ப்ளீஸ்’ என்பவர்களை அங்கே வரச் சொல்கிறோம். வருகிறவர் வாங்குகிறவராக இருக்கிறார். ரீல் எடுக்கிறவள் இன்னமும் அக்கா மகள்தான். அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, தை பிறந்ததும் போகிறாள். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவில் வைத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.