மூன்று தடவை பணம் கட்டினேன், கோளாறு பேட்டரியில் இல்லை

பழைய கேம்பர்வேன் வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். பேட்டரிதான் கோளாறு என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி ஆறே மாதத்தில் 925 பவுண்டு போனது. அதைவிட, அக்டோபர் குளிரில் ஆறு வயதுப் பெண்ணை நான்கு போர்வைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த இரவு இன்னும் மறக்கவில்லை. கடையின் பெயரைக் கேட்காதீர்கள், போடப் போவதில்லை. இதே வித்தையைச் செய்யும் கடை உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் இருக்கும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். 2022இல் வாங்கிய எங்கள் வேன் 2017 மாடல், யூரோ 6 என்ற புகை விதிப்படி செய்த டீசல் வண்டி. முன்பு சரக்கு வேனாக இருந்ததை யாரோ கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், டீசல் ஹீட்டர் எல்லாம் வைத்து மாற்றியிருந்தார்கள். இந்த மாதிரி வண்டியில் இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்று எஞ்சினைக் கிளப்ப. இன்னொன்று லெஷர் பேட்டரி. நம் ஊர் வீட்டில் கரன்ட் போனால் ஃபேனை ஓட்டும் இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி, மெதுவாக, மணிக்கணக்கில் கொடுப்பது. வண்டி ஓடும்போது, எஞ்சின் சுற்றிக் கரன்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து அதற்கும் சார்ஜ் ஏற வேண்டும். என் கதை முழுக்க அந்த "ஏற வேண்டும்" என்பதில்தான் இருக்கிறது.

2023 மே மாதம், பீக் டிஸ்ட்ரிக்ட்டில் காசில்டன் பக்கம் இரண்டு இரவு. இரண்டாம் நாள் காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் தோசை மாவு டப்பாவை மீறிப் பொங்கி, கீழ்த்தட்டில் இருந்த தக்காளியெல்லாம் மாவுக்குள். ராத்திரியே ஃபிரிட்ஜ் நின்றிருக்கிறது. கம்ப்ரஸர் பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சில நொடிக்கு ஒருமுறை சிமிட்டிக்கொண்டிருந்தது. கையேட்டைப் பார்த்தேன்: ஒற்றைச் சிமிட்டல் என்றால் வோல்டேஜ் போதவில்லை. உண்மையை முதலில் சொன்னது அந்த விளக்குதான்.

திரும்பி வந்ததும், கேம்பர்வேன் எலெக்ட்ரிக் வேலைக்கென்றே போர்டு வைத்திருந்த ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் லெஷர் பேட்டரியில் மீட்டரை வைத்தார், 11.7 வோல்ட் காட்டியது. "பேட்டரி முடிந்துவிட்டது" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 11.7 என்றால் பேட்டரி காலி என்று அர்த்தம், செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு, அப்புறம் அளந்தால்தான் தெரியும். ஈயப் பேட்டரி நன்றாக நிரம்பியிருந்தால் 12.7 காட்டும், பாதி என்றால் 12.2 பக்கம் வரும். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. புது ஏஜிஎம் பேட்டரி (ஆசிட் சிந்தாதபடி அடைத்து மூடிய வகை), கொள்ளளவு 110 ஆம்பியர்-மணி, மாட்டும் கூலியோடு 235 பவுண்டு. "பழையதை நாங்களே அப்புறப்படுத்திவிடுகிறோம், அதற்குக் காசு வேண்டாம்" என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

புதுப் பேட்டரி கடையிலிருந்தே நிரம்பி வந்தது. அடுத்த இரண்டு பயணம் அந்த இருப்பிலேயே ஓடியது. வரவே இல்லாத கணக்கிலிருந்து எடுத்து எடுத்துச் செலவு செய்திருக்கிறோம். ஜூலையில் மறுபடியும் அதே சிவப்புச் சிமிட்டல்.

இந்த முறை கடைக்காரர் எஞ்சினை ஓட விட்டு, லெஷர் பேட்டரியில் மீட்டர் வைத்து, 14.2 என்று எனக்கே காட்டினார். "சார்ஜ் நன்றாக ஏறுகிறது. உங்கள் ஃபிரிட்ஜ் அதிகம் தின்கிறது, ஒரு பேட்டரி பத்தாது." இரண்டாவது பேட்டரியும், "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு புது ரிலேயும் (எஞ்சின் பேட்டரியையும் லெஷர் பேட்டரியையும் தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) சேர்த்து 310 பவுண்டு. ஆகஸ்டில் திரும்பப் போனபோது சோலார் போடச் சொன்னார். 100 வாட் பேனல், ரொக்கமாகக் கொடுத்தால் மதிப்புக் கூட்டு வரி (VAT) இல்லை, 380 பவுண்டு. கொடுத்தேன். பில் இல்லை. இந்த இடத்தில் என்னைத் திட்டுவதற்கு என் மனைவிக்கு அடுத்துதான் நீங்கள்.

சோலார் ஒரு வேலை செய்தது: நோயை மறைத்தது. கோடையில் நல்ல வெயில் நாளில் அந்தப் பேனல் 25, 30 ஆம்பியர்-மணி கொடுத்துவிடும், ஃபிரிட்ஜுக்குப் பெருமளவு போதும். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அக்டோபர் பள்ளி விடுமுறையில் ஸ்காட்லாந்து, கிளென்கோ. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். போய்ச் சேர்ந்து ராத்திரி ஹீட்டரைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, டிக் டிக் என்று பம்ப் அடிக்கிறது, அப்புறம் அணைந்துவிடுகிறது. மூன்று முறை முயன்றேன். பிழைக் குறியீடு காட்டி மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. டீசல் ஹீட்டர் ஓடும்போது அதிகம் இழுக்காது, ஆனால் பற்றவைக்கும் முதல் சில நிமிடம் உள்ளே இருக்கும் குளோ பிளக் 8, 10 ஆம்பியர் வரை இழுக்கும். பலவீனமான பேட்டரி அந்த நேரத்தில்தான் தொப்பென்று விழும். வெளியே ஒரு டிகிரி. "ஏங்க, எட்டு மணி நேரம் வண்டி ஓட்டியிருக்கீங்க, அப்புறம் எப்படி பேட்டரி காலியாகும்?" என்று மனைவி கேட்டாள். எலெக்ட்ரிக்கல் படித்தவள் இல்லை. ஆறு மாதத்தில் யாரும் கேட்காத சரியான கேள்வி அதுதான்.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார், ரயில்வேயில் எலெக்ட்ரிக் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் புலம்பினேன். பதினைந்து பவுண்டு மீட்டர் ஒன்றோடு வந்தார். எஞ்சினை ஓட விட்டு லெஷர் பேட்டரியில் வைத்தோம், 14.1. "பாருங்கண்ணா, ஏறத்தானே செய்யுது?" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி. ஓடிப் பாப்பம்."

நான் ஓட்ட, அவர் பின்னால் மீட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரிங் ரோட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் போயிருக்கும். சீட்டுக்கு அடியில் "டிக்" என்று ஒரு சத்தம். "பன்னிரண்டரை" என்றார். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். மறுபடி டிக், 14.8. காலை வைத்தால் டிக், 12.5. அதற்கப்புறம் வீடு வரும்வரை இதே கூத்து.

விஷயம் இதுதான். யூரோ 6 வண்டிகளில் பெரும்பாலும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் இருக்கும். ஸ்டார்ட்டர் பேட்டரிக்குப் போதுமான சார்ஜ் ஏறியதும், எரிபொருளை மிச்சப்படுத்த வண்டியின் கம்ப்யூட்டர் ஆல்டர்னேட்டரைத் தணித்துவிடும். பிரேக் போடும்போதும் இறக்கத்திலும் மட்டும் ஏற்றிக்கொள்ளும். என் வண்டியில் இருந்ததோ பழைய காலத்து ரிலே. வோல்டேஜ் 13.3 வந்தால் இரண்டு பேட்டரியையும் இணைக்கும், 12.8க்குக் கீழே போனால் பிரித்துவிடும். பழைய வண்டியில் இது அருமையாக வேலை செய்யும். என் வண்டியில் முதல் பத்து நிமிடம் மட்டும் வேலை செய்தது. கடையில் நின்ற இடத்தில் காட்டிய 14.2 அந்தப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தது. கடைக்காரர் மாட்டிய "புது ரிலே"? அதே வகை.

அண்ணன் அதோடு விடவில்லை. ஹெட்லைட், ஹீட்டர் விசிறி எல்லாம் போட்டு ஆல்டர்னேட்டரை வேலை வாங்க வைத்து, ரிலே இணைந்திருக்கும்போது ஒரே வயரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். நல்ல வயர் என்றால் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டியது. ஐந்து மீட்டர் நீளத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர், 16 இருக்க வேண்டிய இடம். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே வைத்தார், அங்கே இன்னொரு 0.3. நெகட்டிவ் வயரை வண்டி உடம்போடு சேர்க்கும் எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயின்ட் சுரண்டாமலே முறுக்கியிருக்கிறார்கள். பெயின்ட் மேல் எர்த்! ஆக, ஏறிய கொஞ்ச நேரத்திலும் 0.8 வோல்ட் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. ஈயப் பேட்டரி சார்ஜுக்கு 0.8 என்பது நிரம்புவதற்கும் நிரம்பாததற்கும் உள்ள வித்தியாசம்.

"ஆர் தம்பி இதைப் பூட்டினது?" என்று அவர் கேட்டது இதற்கெல்லாம் அப்புறம்தான். காரணம் ஃபியூஸ். இரண்டு பேட்டரியை இணைக்கும் வயருக்கு இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் கரன்ட் பாயும். எங்கள் வண்டியில் எஞ்சின் பக்கம் மட்டும் ஒன்று. லெஷர் பக்கம் ஃபியூஸே இல்லாத வயர், கூர்மையான தகரத் துளை வழியாக, ரப்பர் வளையம்கூட இல்லாமல், நாங்கள் படுக்கும் கட்டிலுக்கு அடியில் போகிறது. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் அந்தத் தகரத்தில் வயரின் தோல் உரிந்திருந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து வயரே அடுப்புக் கம்பி மாதிரி சிவந்துவிடும். பணம் போனதற்கு எனக்கு வந்த கோபம் வேறு, இதற்கு வந்த கோபம் வேறு. இரண்டாவது பேட்டரி மாட்ட வந்தவர் கை இந்த வயர் மேல்தான் பட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. பில்லில் ஏஜிஎம் என்று எழுதியிருந்தது. பேட்டரியில் எங்கேயும் ஏஜிஎம் என்று இல்லை, பக்கவாட்டில் வாயு போகும் துளை இருந்தது. சாதாரண ஆசிட் பேட்டரி. சார்ஜாகும்போது ஹைட்ரஜன் விடும், துளையிலிருந்து வண்டிக்கு வெளியே குழாய் போக வேண்டும், போகவில்லை. 110 என்ற பெரிய எழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் சி100 என்று இருந்தது. அதாவது நூறு மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கும் கணக்கு. வழக்கமாகச் சொல்ல வேண்டியது இருபது மணி நேரக் கணக்கு, அது இதைவிடக் குறைவாக வரும். குளியலறை எடைக் கருவியில் வைத்தேன், 19 கிலோ. நிஜமான 110 ஏஜிஎம் கிட்டத்தட்ட 30 கிலோ இருக்கும். ஈயத்தில் ஏமாற்ற முடியாது, எடை காட்டிக் கொடுத்துவிடும்.

சரி, சரிசெய்தது எப்படி? ரிலேயைக் கழற்றிவிட்டு டிசி-டிசி சார்ஜர். ஆல்டர்னேட்டர் 12.5 கொடுத்தாலும் அதை 14.4 ஆக உயர்த்தி பேட்டரிக்குக் கொடுக்கும். 16 சதுர மில்லிமீட்டர் வயர், இரு முனையிலும் ஃபியூஸ், சுரண்டிப் பளபளப்பாக்கிய எர்த். பொருளுக்கு 300 பவுண்டுக்குள். அண்ணன் கூலி வாங்கவில்லை, ஆட்டுக்கறிக் கொத்து ரொட்டிக்கு மட்டும் சம்மதித்தார். இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக மெயின்ஸ் சார்ஜரில் நிரப்பி, பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்த்தோம். பல்ப் நாலரை ஆம்பியர் இழுக்கும், 110இல் பாதி எடுக்கவே பன்னிரண்டு மணி நேரம் ஆக வேண்டும். ஒன்று ஏழு மணி நேரத்தில் 11.8க்கு வந்தது. மற்றது நான்கில். மாதக்கணக்கில் பாதி வயிறாகவே கிடந்து, உள்ளே ஈயத் தகடுகளில் சல்ஃபேட் உப்பு படிந்துவிட்டது. அதைத் தூக்கிவிட்டோம். 230 வோல்ட் வீட்டுக் கரன்ட் பக்கம் நாங்கள் கை வைக்கவே இல்லை. அதற்குத் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். கடையில் பேசிப் பார்த்தேன், "நீங்கள் கேட்டதைத்தான் மாட்டினோம்" என்றார். 60 பவுண்டு கொடுத்து வேறொரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் எழுத்தில் அறிக்கை வாங்கினேன். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது: வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், பொருள் சொன்ன விவரப்படி இருக்க வேண்டும். ஜூலையில் கட்டிய 310 கிரெடிட் கார்டில். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்குக் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. பில், எடைக் கருவியில் பேட்டரி இருக்கும் படம், அறிக்கை எல்லாம் அனுப்பினேன். ஏழு வாரத்தில் 310 திரும்பி வந்தது. மே மாத 235 டெபிட் கார்டில் கட்டியது, வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக் கேட்கும் காலம் தாண்டிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்த 380க்கு என் கையில் துண்டுச் சீட்டுகூட இல்லை. மிச்சப்படுத்திய அந்த வரியை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

உங்களுக்கும் இதே மாதிரி தொந்தரவு இருந்தால், கடைக்குப் போகும் முன் அரை மணி நேரம் வண்டியை ஓட்டி, பக்கத்தில் ஒருவரை மீட்டரோடு உட்கார வைத்து எண்களை எழுதிக்கொள்ளுங்கள். கடையில், "ஓடும்போது லெஷர் பேட்டரியில் எவ்வளவு வருகிறது என்று பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பதிலுக்கு பேட்டரி விலையைச் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பழைய பேட்டரியை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து நிரப்பிப் பாருங்கள்.

எங்களுடைய முதல் பேட்டரி, மே மாதம் அவர் இலவசமாக அப்புறப்படுத்தியது, வேன் வாங்கியபோது ஒரு வருடம்கூட ஆகாதது. வேனை விற்றவர் கொடுத்த அதன் ரசீது இன்னும் கோப்பில் இருக்கிறது. உண்மையிலேயே அது செத்திருந்ததா, வெறும் பசியில் கிடந்ததா என்று அளந்து பார்க்க இனி வழியில்லை.