கையடக்க கொரோனா கருவி: ஒட்டுவதற்குச் சரி, தண்ணீர் ஓட்டுவதற்கு?

மைக்ரோஃப்ளூயிடிக் சிப் (மெல்லிய கால்வாய்களில் துளியளவு திரவம் ஓடும் சிப்) செய்கிறவர்கள், ஒட்டுவதற்காகப் பரப்பைப் பக்குவப்படுத்தும் பிளாஸ்மா கிளீனர் இல்லையே என்று புலம்ப வேண்டியதில்லை. வேக்யூம் பம்பு கிம்பு எதுவும் இல்லாத இந்தக் கையடக்கக் கொரோனா கருவி (வைரஸ் இல்லை, உயர் வோல்டேஜில் காற்றில் உண்டாகும் மின்னிறக்கம்) பாதி வேலையைச் செய்துவிடும், மீதிப் பாதியில்தான் சிக்கல்.

முனையில் ஒரு கம்பி, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, அவ்வளவுதான். 10,000 வோல்ட்டுக்கு மேல் போவதால் ஊதா நிறத்தில் பொறி சீறும், ஓசோன் வாடை மூக்கில் ஏறும், ஃபியூம் ஹூடுக்குள் (வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) வைத்தே செய்யுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது. சிப்பை வார்க்கும் பிடிஎம்எஸ்ஸுக்கு (ரப்பர் போன்ற சிலிக்கோன்) சில மில்லிமீட்டர் மேலே இஸ்திரி போடுவதுபோல் முன்னும் பின்னும் ஓட்டி, கண்ணாடியில் வைத்து அழுத்தி ராத்திரி முழுக்க விட்டால் நன்றாகவே ஒட்டுகிறது. ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருந்தால் மெல்லிய படலத்தில் ஊசித்துளை விழும், ஜாக்கிரதை.

சரி, தண்ணீர் ஓடுமா? பம்பு இல்லாத சிப்பில் தண்ணீரை இழுப்பது தந்துகி விசைதான், அதற்குத் தொடுகோணம் (சொட்டின் ஓரம் பரப்போடு செய்யும் கோணம்) 90 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். சாதாரண பிடிஎம்எஸ்ஸில் அது ஏறக்குறைய 110. அதனால் சாயம் கலந்த சொட்டு நுழைவுத் துளையிலேயே உட்கார்ந்துகொள்ளும். கொரோனா பட்டதும் பரப்பிலுள்ள மெத்தில் தொகுதிகள் போய் ஹைட்ராக்சில் வருகிறது, அதே சொட்டு விறுவிறுவென்று கால்வாயின் கடைசிவரை ஓடுகிறது, பார்க்கவே ஆசையாக இருக்கும்! ஆனால் எல்லாம் சில மணி நேரம்தான். உள்ளே பிணையாமல் கிடக்கும் குட்டை மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல மேலே வந்து பரப்பை மூடிவிட, பழையபடி தண்ணீரை விரட்ட ஆரம்பித்துவிடும். ஒட்டிய கையோடு கால்வாயில் தண்ணீர் நிரப்பி வைத்தால் கொஞ்சம் தாங்கும். நீண்ட நாளுக்கு வேண்டுமென்றால் 1 சதவீத பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால், தண்ணீரில் கரையும் பாலிமர்) கரைசலை உள்ளே விட்டு, ஊதி வெளியேற்றி, ஓவனில் காயவையுங்கள். கருவி விற்கிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

எண்ணெய்க்குள் நீர்த்துளி உண்டாக்குகிறவர்களுக்கு இதெல்லாம் நேர் தலைகீழ், சுவரில் தண்ணீர் ஒட்டவே கூடாது. பிடிஎம்எஸ் தானாகப் பழைய நிலைக்கு மாறிவிடும், அடியிலிருக்கும் கண்ணாடி மாறாது. அதற்குக் கார் கண்ணாடிக்குப் பூசும் அக்வாபெல்லை உள்ளே செலுத்தினால் போதும், பல ஆய்வகங்களில் அதைத்தான் செய்கிறார்கள்.

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கிலும் கொரோனா வேலை செய்கிறது, செல் வளர்க்கும் தட்டுகளைத் தொழிற்சாலையில் ஏறக்குறைய இப்படித்தான் பக்குவப்படுத்துகிறார்கள். அங்கே இயந்திரம் ஒரே சீராகச் செய்கிறது. இங்கே கை வேகம் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒரே அச்சில் வார்த்த இரண்டு சிப்பில்கூடத் தண்ணீர் ஒரே வேகத்தில் போவதில்லை. ஐந்தில் ஒன்றரை நட்சத்திரத்தை அதற்காகத்தான் குறைத்தேன்.