‘ஜிபே இருக்கா?’ என்று கேட்கும் ஊரில் பீம் செயலி

எங்கள் ஊர்க் கடைகளில் பணம் கொடுக்கும்போது ‘யுபிஐ இருக்கிறதா’ என்று யாரும் கேட்பதில்லை. ‘ஜிபே இருக்கா, ஸ்கேனர் இருக்கா’ என்றுதான் கேட்கிறார்கள். கூகுள் நிறுவனம் 2017-இல் ‘தேஸ்’ என்ற பெயரில் தொடங்கி மறு ஆண்டே ‘கூகுள் பே’ என்று பெயர் மாற்றிய ஒரு செயலி, தொலைபேசியில் பணம் செலுத்தும் செயலுக்கே பெயராகிவிட்டது. பணம் ஓடும் பாதையான யுபிஐயோ கூகுளுடையது அன்று; வங்கிகள் சேர்ந்து நடத்தும் இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016-இல் போட்டது. அந்தக் கழகமே அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று வெளியிட்ட செயலிதான், அம்பேத்கரின் பெயரைத் தாங்கிய பீம். கடந்த பத்து மாதங்களாக என் எல்லாப் பரிமாற்றங்களையும் அதன் வழியாகவே செய்து வருகிறேன். இந்தச் செயலியைப் பற்றி எழுதுவதென்றால், பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்று நாடாளுமன்றக் குழுவரை சென்றிருக்கும் விவாதத்தையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் செயலியைப் பற்றிச் சொல்கிறேன். நிறுவிக்கொள்ள எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்து, சிம் அட்டையை உறுதிப்படுத்தி, வங்கியின் பெயரைத் தொட்டதும் கணக்கு வந்து நின்றது. புதிதாக இரகசிய எண் அமைக்க வேண்டியிருக்குமோ என்று தயங்கினேன், தேவைப்படவில்லை. அந்த எண் வங்கிக் கணக்கோடு பிணைந்தது, செயலியோடு பிணைந்தது அன்று. எந்தச் செயலிக்குப் போனாலும் அதே எண் செல்லும். பழைய செயலியில் இருந்த பரிமாற்றப் பட்டியல் மட்டும் கூட வரவில்லை. யாருக்கு எப்போது எவ்வளவு கொடுத்தேன் என்ற மூன்று ஆண்டுக் கணக்கு அங்கேயே தங்கிவிட்டது.

செயலி மாற்றிய முதல் வாரத்தில் கோயில் வாசலில் பூ விற்கும் அக்காவிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். அவருடைய தட்டுக்கு அருகில் ஒரு நிறுவனத்தின் கியூஆர் அட்டையும், பணம் வந்தால் குரல் கொடுக்கும் சிறிய பெட்டியும் இருந்தன. என் திரையில் வேறு செயலியின் நிறத்தைப் பார்த்ததும் அவர் கையை நீட்டித் தடுத்தார். “இது அவங்க அட்டை சார், உங்களோடதுல போகாது. காசு மாட்டிக்கிட்டா எனக்குத்தான் நட்டம்” என்றார். போகும் அக்கா, பாருங்கள் என்று சொல்லி ஸ்கேன் செய்து இரகசிய எண்ணைப் போட்டேன். இரண்டு நொடியில் பெட்டி அறுபது ரூபாய் வந்ததைத் தமிழில் சொன்னது. அவர் பெட்டியையும் என் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார். நான்கு ஆண்டுகளாக அந்த அட்டையை வைத்து வியாபாரம் செய்பவருக்கு, எந்தச் செயலியிலிருந்தும் அதற்குப் பணம் வரும் என்று யாரும் சொல்லவே இல்லை. அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவை இருந்திருக்காது.

என்னைப் பொறுத்தவரை செயலியின் மிகச் சிறந்த பகுதி ‘யுபிஐ சர்க்கிள்’ என்ற வசதி. என் அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. வங்கிக் கணக்கைத் தொலைபேசியில் இணைக்க அவருக்கு விருப்பம் இல்லை, அந்த அச்சம் நியாயமானதும்கூட. இந்த வசதியில் அவருடைய செயலியை என் கணக்கின் கீழ் இரண்டாம் பயனராகச் சேர்த்தேன். அவர் சந்தையில் காய்கறிக்காரரின் அட்டையை ஸ்கேன் செய்தால் எனக்குக் கோரிக்கை வரும். நான் பார்த்து இரகசிய எண்ணைப் போட்டால்தான் பணம் போகும். ஒருநாள் நான் அலுவலகத்தில் இருந்தபோது எண்பத்தைந்து ரூபாய்க்கு ஒரு கோரிக்கை வந்தது. நான் அனுப்பிய சில நொடிகளில் அம்மா அழைத்து, “வந்திருச்சாம்பா, கத்திரிக்காய் நல்லா இருக்குன்னு ஒரு கிலோவா வாங்கிட்டேன்” என்றார். வங்கிக் கணக்கையே இணைக்காமல், யாரிடமும் இரகசிய எண்ணைச் சொல்லாமல், ஒரு முதியவர் தானே போய்ப் பொருள் வாங்க முடிகிறது என்பது சிறிய வசதி அன்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2025 மார்ச்சில் வந்த மூன்றாம் பதிப்பில் செலவை வகை பிரித்துக் காட்டும் பக்கமும், நண்பர்களுக்குள் செலவைப் பங்கிடும் வசதியும், குடும்பத்தினரைச் சேர்த்துக்கொள்ளும் வசதியும் உள்ளன. இணைய வேகம் குறைந்த இடத்திலும் இயங்குமாறு அதை அமைத்திருக்கிறார்கள். தேநீர், பேருந்துக் கட்டணம் போன்ற சிறு தொகைகளுக்கு, யுபிஐ லைட் என்ற பணப்பையில் 5,000 ரூபாய் வரை வைத்துக்கொண்டு, ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை இரகசிய எண் இல்லாமலே கொடுக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பு படித்தால் புரிகிறது. அம்மா என்னைக் கேட்காமலே பொத்தான்களைக் கண்டுபிடிக்கிறார்.

இவ்வளவு இருந்தும் மொத்தப் பரிமாற்றங்களில் பீமின் பங்கு ஒரு விழுக்காட்டைத் தொடாமலே நெடுங்காலம் கிடந்தது. வால்மார்ட் பெரும்பங்கு வைத்திருக்கும் போன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை வைத்திருக்கின்றன. நாடாளுமன்றத்தின் தகவல் தொடர்பு மற்றும் தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு 2024 பிப்ரவரியில் அளித்த அறிக்கையில் இந்த நிலையைச் சுட்டிக்காட்டி, உள்நாட்டுச் செயலிகளை வளர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 2020 நவம்பரில், எந்தத் தனியார் செயலியும் மொத்த எண்ணிக்கையில் 30 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று கழகம் விதி அறிவித்திருந்தது. வரம்பைத் தாண்டிய செயலி புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்பது அதன் செயல்முறை. முதலில் 2022 இறுதிவரை கெடு கொடுத்தார்கள். அது 2024 இறுதிக்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பர் 31 அன்று மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். அதே நாளில், வாட்ஸ்ஆப்பின் பணம் செலுத்தும் சேவைக்கு இருந்த பத்துக் கோடிப் பயனர் வரம்பையும் நீக்கினார்கள். இரண்டு பெரிய நிறுவனங்களின் பங்கைக் குறைக்க மூன்றாவது பெரிய நிறுவனத்தை முழுதாக உள்ளே விடுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

விதியை எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மக்கள் தாங்களே விரும்பித் தேர்ந்தெடுத்த செயலியை எண்ணிக்கையைக் காட்டி மூடுவது எப்படி என்று கேட்கிறார்கள். இன்று புதிதாகச் சேர்பவர்களில் பலர் சிற்றூர்களில் முதல்முறை திறன்பேசி வாங்குபவர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பெயரில் கதவடைத்தால் குழப்பம் அவர்களுக்குத்தான். விதியை ஆதரிப்பவர்களோ ஆபத்தைச் சுட்டுகிறார்கள். ஒரு நாட்டின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் ஐந்தில் நான்கு பங்கு இரண்டே நிறுவனங்களின் கணினிகளை நம்பியிருந்தால், அவற்றில் ஒன்று முடங்கும் நாளில் சந்தையே முடங்கும். 2024 ஜனவரி இறுதியில் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்த பிறகு, பேடிஎம் செயலியை விட்டவர்களில் பலர் அந்த இரண்டு பெரிய செயலிகளுக்கே போனார்கள். அதாவது, மூன்றாவதாக இருந்தது தளர்ந்ததும் முதல் இரண்டும் மேலும் பெருத்தன.

இரு தரப்பையும் படித்த பிறகு, என் பூக்கார அக்காவின் அட்டைக்கே மனம் திரும்புகிறது. எந்த அட்டைக்கும் எந்தச் செயலியிலிருந்தும் பணம் போக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனங்கள் வளர்வதற்கு முன்பே போடப்பட்டது. இன்றுவரை அது பிசகாமல் நடக்கிறது. எந்தப் பெரிய நிறுவனமும் அதை மீற முடியவில்லை. முப்பது விழுக்காட்டு விதியோ அவர்கள் வளர்ந்து முடித்த பிறகு வந்தது. அதனால்தான் கெடு கெடுவாகத் தள்ளிப்போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னணுச் சந்தைச் சட்டமும், நம் நாட்டில் 2024 மார்ச்சில் வெளியான மின்னணுப் போட்டிச் சட்ட வரைவும் இதே பாடத்தைத்தான் அடித்தளமாகக் கொண்டிருக்கின்றன. தவறு நடந்த பிறகு ஆண்டுக்கணக்கில் விசாரிப்பதைவிட, பெரியவர்கள் நடக்க வேண்டிய முறையை முன்பே எழுதி வைக்க வேண்டும் என்கின்றன. பீமைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் எனக்குத் தேவைப்படும் முன்விதிகள் மிக எளியவை. என் பரிமாற்றப் பட்டியல் செயலி மாறும்போது என்னோடு வர வேண்டும். ‘எல்லா யுபிஐ செயலிகளும் ஏற்கப்படும்’ என்ற வரி ஒவ்வொரு அட்டையிலும் நிறுவனத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில், அந்தந்த ஊர் மொழியில் இருக்க வேண்டும். பங்கு தானே பரவுவதற்கு இவை வழிசெய்யும் என்று நம்புகிறேன்.

பணத்தின் கணக்கையும் மறந்துவிடக் கூடாது. 2020 ஜனவரி முதல், வங்கிக் கணக்கிலிருந்து நேராகச் செல்லும் யுபிஐ பரிமாற்றத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்க முடியாது. மக்களுக்கு அது பெரிய நன்மை. ஆனால் பாதையில் வருமானம் இல்லாதபோது, பல கோடிப் பேருக்குக் கடனும் காப்பீடும் விற்கும் வலிமை உள்ளவர்களே தாக்குப்பிடிக்கிறார்கள். அரசு ஊக்கத்தொகை தருகிறது. 2024-25-க்கு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கி, சிறு வணிகர்கள் பெறும் 2,000 ரூபாய் வரையிலான பரிமாற்றங்களுக்கு 0.15 விழுக்காடு என்று அறிவித்தார்கள். சிறிய செயலிகள் நிலைத்து நிற்க இது போதுமானது என்று எனக்குத் தோன்றவில்லை.

பீமைப் பற்றி எனக்கு இருக்கும் மிகப் பெரிய தயக்கம் அதை நடத்துபவர் யார் என்பதில்தான் இருக்கிறது. விதி எழுதுவது பணப்பட்டுவாடாக் கழகம். பீமை நடத்துவது அதன் துணை நிறுவனம். ஆடுகளத்தில் நடுவரின் வீட்டுப்பிள்ளையும் ஆடினால், நடுவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் மற்றவர்கள் சந்தேகிப்பார்கள். கழகத்துக்கு மாற்றாக இன்னொரு அமைப்புக்கு ரிசர்வ் வங்கி 2020-இல் வழி வகுத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2025-இல் மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாள்களில் யுபிஐ முடங்கியபோது எந்தச் செயலியும் உதவவில்லை, ஏனென்றால் முடங்கியது பாதையே. இரண்டு நிறுவனங்களிடம் குவிவது ஆபத்து என்றால், ஒரே கழகத்திடம் குவிவதும் அதே கணக்கில் வர வேண்டும். இந்தப் பகுதியை நாடாளுமன்றம் இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டும்.

வீட்டில் முதியவரோ கல்லூரிக்குப் போகும் பிள்ளையோ இருந்தால், சர்க்கிள் வசதிக்காக மட்டுமே பீமை நிறுவிக்கொள்ளலாம் என்பேன். பழைய செயலியை உடனே நீக்க வேண்டாம். பரிமாற்றப் பட்டியலைப் பதிவிறக்கி வைத்த பிறகு நீக்குங்கள். தானாகப் பிடித்தம் ஆகும் மாதக் கட்டணங்கள் அதில் இருந்தால் அவற்றையும் ஒருமுறை பாருங்கள். எந்தச் செயலி இருந்தாலும் பையில் இருநூறு ரூபாய் ரொக்கமாக வைத்திருங்கள். ஏப்ரல் 12 அன்று அம்மா சந்தையிலிருந்து பையோடு வீடு வந்து சேர்ந்தது அவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த நூறு ரூபாய் நோட்டால்தான்.