மதுரையில் எங்கே தங்கலாம்: மாசி வீதிப் பக்கமா, வைகைக்கு வடக்கேயா?

கோயிலுக்காக வருகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாசி வீதிப் பக்கமே அறை போடுங்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊர் விரிவதால், எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏதாவது ஒரு கோபுரம் கண்ணில் பட்டு வழி சொல்லிவிடும். கார் வேண்டாம், ரயில் நிலையமும் மேல வெளி வீதியை ஒட்டித்தான் இருக்கிறது. இரவில் சுவாமி பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போகும் பள்ளியறை பூஜையைப் பார்த்துவிட்டு, சூடாக இட்லி சாப்பிட்டு, நடந்தே அறைக்கு வரலாம் பாருங்கள், அந்தச் சுகம் வடக்கே கிடைக்காது. ஆனால் சத்தம், நெரிசல், கார் நிறுத்த இடமில்லாத தலைவலி எல்லாம் சேர்ந்தே வரும்.

சரி, வடக்கே? அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் சாலைகள் அகலம், மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் பக்கம், உயர் நீதிமன்றக் கிளை, 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், காந்தி அருங்காட்சியகம் எல்லாமே ஆற்றுக்கு இந்தப் பக்கம். வேலையாக வருபவருக்கு இதுதான் வசதி.

சித்திரைத் திருவிழாவில்தான் குழப்பம். தேரோட்டம் மாசி வீதிகளில், அழகர்கோவிலிலிருந்து வரும் கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையோ வடகரையில். முடிந்தால் தேருக்காக மாசி வீதிப் பக்கம் ஓர் இரவு, அப்புறம் அழகருக்காக வடகரைத் தல்லாகுளம் பக்கம் ஓர் இரவு. அறையை மட்டும் ரொம்ப முன்னாலேயே பிடித்துவிடுங்கள்.